கோ-பிராசசர்: இணைச்செயலியா, துணைச்செயலியா, உடன்செயலியா?

வியாசர்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி ரோபோ கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இடிக்கிறது. மோட்டார்களை ஓட்டுவது ரோபோரியோ என்னும் முதன்மைக் கணினி. கேமராப் படத்தை அலசுவது ராஸ்பெரி பை (Pi) என்னும் சிறு கணினி. இலக்கின் கோணத்தையும் தொலைவையும் மட்டும் ஈதர்நெட் வழியே ரோபோரியோவுக்குச் சொல்லும். இப்படிக் கூட இருந்து உதவும் கணினியை ஆங்கிலத்தில் கோ-பிராசசர் என்பார்கள். தமிழில் இந்தப் பை-ஐ 'இணைச்செயலி' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பெரம்பூரிலிருந்து:
'இணை' வேண்டாங்க. ஒரே வேலையைப் பல கருக்கள் (கோர்கள்) பங்குபோட்டுச் செய்வதை 'இணைச் செயலாக்கம்' என்கிறோம். இங்கே வேலையே வேறு. "இணைச்செயலியை இணைக்கவும்" என்று எழுதிப் பாருங்கள், பிள்ளை அங்கேயே நின்றுவிடும். வழித்துணை மாதிரி 'துணைச்செயலி' போதும்.

திருவொற்றியூரிலிருந்து:
துணைத்தலைவர், துணைவேந்தர் என்று சொல்லிச் சொல்லி 'துணை' ஒருபடி கீழே இறங்கிவிட்டது, ஐயா. பை 4-இல் நான்கு கருக்கள், 1.5 கிகாஹெர்ட்ஸ். முதல் ரோபோரியோவில் இரண்டே கருக்கள், 667 மெகாஹெர்ட்ஸ். வலுவானதைத் துணை என்பதா? 'உடன்செயலி' என்போம். இன்னொன்றும் தோன்றுகிறது: பார்த்து வந்து சொல்வான், தானாக வாளெடுக்க மாட்டான், அவன் ஒற்றன். குறளில் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே உண்டு. 'ஒற்றுச்செயலி' எவ்வளவு பொருத்தம்!

பெரம்பூரிலிருந்து:
கேமராவே இல்லாமல் பாதைக் கணக்கு மட்டும் போடும் பையும் உண்டு. அது யாரை ஒற்றுகிறது? 'உடன்' என்றாலும் 'ஓடு' என்றாலும் ஒன்றுதான், தொல்காப்பியம் உங்களை விடாது: "ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே". அரசனோடு இளையர் வந்தார் என்கிறோம். 'ஓடு' உயர்ந்தவர் பெயரோடு ஒட்டும். ரோபோரியோவோடு பை வந்தது. மோட்டாருக்கு ஆணையிடும் உரிமை எதற்கோ அதுவே உயர்ந்தது, வேகம் எப்படி இருந்தாலும். ஆகவே துணைதான்.

காசிமேட்டிலிருந்து:
வகுப்பில் 'செயலி' என்றாலே போனில் இறக்குவதுதான் என்று நினைக்கிறார்கள். 'கோ-பிராசசர்' என்றே விடுங்கள். சொல்லைவிட அந்தப் பக்கத்தில் விட்டுப்போனதுதான் பெரிது. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். ரோபோவில் மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் வி.ஆர்.எம். பெட்டி 5 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் தரும். மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டரைத் தனியாகப் போட்டாலும், எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும்போது 12 வோல்ட் பேட்டரி 7-க்கும் கீழே சரியும். மலிவான கன்வெர்ட்டர் அங்கே 5 வோல்ட்டைப் பிடிக்காது. பை அணைந்து எழுவதற்குள் ஆட்டம் கை நழுவிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கவும் கூட்டவும் தெரிந்த பக்-பூஸ்ட் வகை போடச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைத்தால் எஸ்.டி. கார்டு கெடும், அதைப் படிக்க-மட்டும் நிலையில் வையுங்கள். நெட்வொர்க் முகவரிகள் அணி எண்ணை வைத்து வரும்: எண் 1234 என்றால் ரேடியோ 10.12.34.1, ரோபோரியோ 10.12.34.2, பைக்கு நிலையான முகவரி 10.12.34.11, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. இதில் ஒரு எண் தவறினாலும் கேபிள் விளக்கு எரியும், தகவல் வராது. பிள்ளைகள் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வியாசர்பாடியிலிருந்து:
மின்சாரப் பகுதியை அப்படியே சேர்த்துவிட்டேன், நன்றி. மூன்று பேர் தனியாகவும் எழுதினார்கள், மூவருமே 'துணைச்செயலி'. முதல் இடத்தில் மட்டும் "துணைச்செயலி, அதாவது கோ-பிராசசர்" என்று வரும்.

திருவொற்றியூரிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். 12-ஆம் பக்கப் படத்தில் இன்னும் 'இணைச்செயலி' என்றே இருக்கிறது. அதையாவது மாற்றிவிடுங்கள்.