லோரி ஓட்டினால் கையில் என்ன மிஞ்சும்? ஊத்தான் மெலிந்தாங் அனுபவங்கள்

வீட்டு லோரிக்குக் கணக்கு எழுதுபவர், ஊத்தான் மெலிந்தாங், பேராக், மலேசியா:

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். பழைய லோரி ஒன்று வாங்கி, செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றப் போகிறாராம். "அக்கா, டன்னுக்கு இவ்வளவு, நாளைக்கு மூன்று நடை, மாதம் இவ்வளவு" என்று போனிலேயே பெருக்கிக் காட்டினார். பெருக்கல் சரிதான். கழிக்க வேண்டியதைத்தான் அவர் எழுதவே இல்லை. எங்கள் லோரியை ஓட்டுவது என் வீட்டுக்காரர், நோட்டு எழுதுவது நான். அதனால் அந்தத் தம்பியிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

டீசலை எல்லோரும் சொல்வார்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியது. நாளைக்கு 50 லிட்டர் குடிக்கிற வண்டிக்கு அன்றைய விலையில் ஒரு நாளைக்கு 60 வெள்ளி கூடுதல். 26 நாள் ஓடினால் 1,560 வெள்ளி. தகுதியுள்ள சரக்கு வண்டிகளுக்கு ஃப்ளீட் கார்டு கொடுத்து, பழைய 2.15 விலையிலேயே ஊற்ற ஏற்பாடு செய்தார்கள். ஆனால் வண்டி எந்த வகை, லைசென்ஸ் என்ன என்று பார்த்துத்தான் கார்டு. மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்ற அளவும் உண்டு.

அந்தத் தம்பி பார்த்து வைத்திருந்த வண்டிக்கு 'சி' லைசென்ஸ். அது சொந்தச் சரக்கு ஏற்றுவதற்கு. கூலிக்கு அடுத்தவர் குலையை ஏற்ற 'ஏ' லைசென்ஸ் வேண்டும். வண்டி ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

டீசலைவிட எங்களை அதிகம் அடிப்பது எண்ணெய் ஆலை வாசலில் நிற்கும் நேரம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது எல்லாத் தோட்டத்து வண்டியும் ஒரே நேரத்தில் திம்பாங் (எடை மேடை) முன்னால் வந்து நிற்கும். நமக்குக் கூலி டன் கணக்கில்தான், காத்திருப்புக்கு ஒரு சென்னும் கிடையாது. ஏர்கான் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓட விட்டால் மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் வீணாகப் போகும். அதைவிடப் பெரிய நட்டம், மூன்றாவது நடை போக முடியாமல் போவது. லாபமே அந்த மூன்றாவது நடையில்தான் இருக்கிறது. முதல் இரண்டும் தவணைக்கும் டீசலுக்கும் கெலிண்டான் (லோரி உதவியாள்) சம்பளத்துக்கும் சரியாகிவிடும். அதனால்தான் முதல் நாள் சாயங்காலமே ராம்பில் (குலை சேர்க்கும் மேடை) குலை சேர்ந்திருக்கிற இடமாகப் பார்த்து, என் வீட்டுக்காரர் விடியுமுன்பே ஏற்றிவிடுவார்.

அப்புறம் டயர். பின்னால் இரட்டைச் சக்கரம். தோட்டத்துப் பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் இவர் இறங்கி, இரண்டு டயருக்கும் நடுவில் சிக்கிய கல்லை இரும்புக் கம்பியால் தட்டி எடுப்பார். அது இரண்டு நிமிட வேலை. விட்டால் அந்தக் கல் பக்கவாட்டுச் சுவரை அறுத்துவிடும், அப்படி அறுந்த டயரை செலுப் போட (புது ரப்பர் ஒட்ட)க்கூடக் கொடுக்க முடியாது. டயருக்கென்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் குலை குறையும்போது இன்ஷூரன்சும், ஆறு மாதப் பரிசோதனையும், டயரும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடித்தால், கடன் வாங்காமல் சமாளிக்க அந்தக் காசுதான் கை கொடுக்கிறது.

சம்பளத்துக்கு ஓட்டுபவர், தெலுக் இந்தான்:

அக்கா சொன்னதோடு பாரம் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ரெண்டு டன் கூடப் போடு, யார் பார்க்கப் போறா" என்று சொல்லும் தவுக்கேயிடம் (முதலாளி) நான் வேலை செய்திருக்கிறேன். அன்றைய சிட்டில் கூலி கூடத்தான் இருக்கும். ஆனால் பிரேக் லைனிங்கும் ஸ்பிரிங் பட்டையும் சீக்கிரமே போய்விடும், சமன் (அபராதம்) வந்தால் ஒரு வாரத்து உழைப்பு அதிலேயே போகும். இது காசு மட்டும் இல்லை. 2025 மே 13ஆம் தேதி எங்கள் தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியும் மோதி 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். தினமும் நாங்கள் ஓடுகிற வட்டாரம் இது. அந்தச் சாயங்காலம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கதவில் எழுதியிருக்கிற எடைக்கு மேல் ஏற்றச் சொன்னால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்று என் மனைவியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

சின்னத் தோட்டக்காரர், பாகான் டத்தோ:

ஆலையிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் எடுத்த வெறுங்குலையை மரத்தடியில் பரப்ப எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டும். எனக்கு ஏற்றி வரும் அண்ணன் போகும்போது பழம், வரும்போது வெறுங்குலை என்று இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறார். ஆலையில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு லோரிக்குக் கணக்கு எழுதுபவர்:

இது நல்ல யோசனை, அண்ணே. ஆனால் மழை பெய்தால் நம் கரையோரக் களிமண்ணில் பாரத்தோடு உள்ளே இறங்குகிற வண்டி சிக்கிக்கொள்ளும், டிராக்டர் கூப்பிட்டால் அந்தக் கூலி அதற்கே சரி. காய்ந்த பாதை உள்ள தோட்டமாகப் பார்த்துப் பேசச் சொல்கிறேன். அந்தத் தம்பி இப்போது 'ஏ' லைசென்ஸ் உள்ள வேறு வண்டி தேடுகிறார். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.