ஏபியு வேலை செய்யாத விமானத்தில் வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

செங்காங்_மகள்:
வணக்கம். போன வெள்ளிக்கிழமை இரவு அம்மாவோடு சாங்கியிலிருந்து திருச்சிக்குப் பறந்தேன். அம்மாவுக்கு 74 வயது, ஆஸ்துமா உண்டு. கதவை மூடியதும் குளிர்காற்று நின்றுவிட்டது. ஏபியு வேலை செய்யவில்லை, கேட்டிலேயே ஒரு எஞ்சினை ஸ்டார்ட் செய்யப்போகிறோம் என்று கேப்டன் அறிவித்தார். பத்து நிமிடத்துக்கு மேல் புழுக்கம். விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ரிப்பேர் பண்ணாமலேயே கிளப்புறாங்களாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் திரும்பி வரவேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி_சாங்கி:
அக்கா, நான் லைன் எஞ்சினியர், விமானப் பராமரிப்புக்கான எஸ்ஏஆர்-66 பி1 லைசென்ஸ் இருக்கிறது. நீங்கள் பார்த்தது வழக்கமான நடைமுறைதான்.

ஏபியு என்பது வாலில் இருக்கும் சின்ன எஞ்சின். தரையில் நிற்கும்போது கரண்டும் காற்றும் கொடுக்கும். அது இல்லையென்றால் கேட்டின் கரண்டையும், குழாய் வழியாக வரும் குளிர்காற்றையும் வைத்துச் சமாளிப்போம். எஞ்சினைச் சுழற்ற, அழுத்தக் காற்று தரும் ஏர் ஸ்டார்ட் வண்டி வரும். அந்த நேரத்தில் குளிர்காற்றுக் குழாயைக் கழற்றிவிடுவோம். உங்களுக்குப் புழுக்கம் அதனால்தான். தரைக் கரண்டிலிருந்து எஞ்சின் ஜெனரேட்டருக்கு மாறும்போது விளக்கு ஒரு நொடி சிமிட்டும்.

இப்போது அம்மா கேட்ட கேள்வி. எந்தெந்தப் பாகம் பழுதானால் பறக்கலாம், என்ன நிபந்தனையில், எத்தனை நாள் என்பதற்கு எம்இஎல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. விமானத் தயாரிப்பாளரின் மூலப் பட்டியலை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒன்று எழுதும். மூலத்தைவிடக் கடுமையாக்கலாம், தளர்த்தக் கூடாது. இங்கே பதிவான நிறுவனம் என்றால் சிங்கப்பூர் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎஸ் ஒப்புதல் வேண்டும். பழுதைச் சரிசெய்யும் கெடு வகைக்கு வகை மாறும்: பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள். கண்டுபிடித்த நாள் கணக்கில் சேராது. ஏ வகைக்கு அந்தந்த வரியிலேயே கெடு எழுதியிருக்கும். ஏபியு பெரும்பாலும் சி. பட்டியலில் இல்லாத முக்கியப் பாகம் கெட்டால் சரி செய்யும்வரை விமானம் நகராது.

டெக் லாக் என்ற பழுதுப் பதிவேட்டில் எழுதி, சுவிட்சின் பக்கத்தில் "இனாப்" (வேலை செய்யாது) ஸ்டிக்கர் ஒட்டி, அதில் லாக் எண்ணையும் எழுதிவிட்டுத்தான் இறங்குவேன். மழையில் நனைந்த கையோடு எழுதினாலும் அந்த எண் தெளிவாக இருக்கவேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் அதை நம்பித்தான் வேலை செய்வார்.

வலது_இருக்கை:
துணை விமானி. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: பட்டியல் அனுமதித்தாலும் கேப்டன் வேண்டாம் என்று சொல்லலாம். வானிலை ரேடார் பழுது, வழியில் இடிமழை என்றால் அந்த விமானத்தை எடுக்க முடியாது. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் காற்றும் மழையும் திரண்டு வரும் மாதங்களில் இது ஏட்டுப் பேச்சு இல்லை. இரண்டு பழுதுகள் தனித்தனியே சரி, சேர்ந்தால் சரியில்லை என்பதும் உண்டு. பழைய டிஃபர்களை, அதாவது ஒத்திப்போட்ட பழுதுகளை எல்லாம் நாங்கள் உட்கார்ந்து படிப்பது அதற்காகத்தான்.

பறக்கும்போது பழுது வந்தால் எம்இஎல் வழிகாட்டி அல்ல. திரையில் வரும் செய்தி, செக்லிஸ்ட், அதுதான் முதலில். ஒருவர் விமானத்தைப் பறக்கவைப்பார், மற்றவர் படித்துச் செய்வார். ஏபியு இல்லாமல் ஒரு ஜெனரேட்டர் போனாலும் மற்ற எஞ்சினின் ஜெனரேட்டர் தாங்கும். சமையலறைச் சுமை குறைக்கப்படும், அவ்வளவுதான்.

செங்காங்_மகள்:
ரொம்ப நன்றி தம்பி, இருவருக்கும். ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால்? அதையும் ஒத்திப்போட்டுக்கொண்டே போவார்களா?

வலது_இருக்கை:
கேட்கவேண்டிய கேள்வி. 2014 டிசம்பர் 28 அன்று சுராபாயாவிலிருந்து இங்கே சாங்கிக்கு வந்துகொண்டிருந்த ஏர்ஏசியா 8501 நினைவிருக்கும். 162 பேர் போனார்கள். வால் சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியில், மின்இணைப்பைப் பற்றவைத்த சோல்டரில் ஒரு விரிசல். முந்தைய 12 மாதங்களில் அதே தொகுதியில் 23 முறை கோளாறு பதிவாகியிருந்தது என்று இந்தோனேசிய விசாரணை அறிக்கை சொன்னது. அன்று வானில் நான்கு முறை எச்சரிக்கை. முதல் மூன்றுக்கும் செக்லிஸ்ட்படி நடந்தார்கள். நான்காவது முறை நடந்தது, கணினிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை இழுத்ததற்கு ஒத்திருந்தது. அதனால் தானியங்கி ஓட்டி விலகியது, விமானம் மேலே ஏறி, இறக்கைகள் தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆனது. விரிசல் மட்டும் விமானத்தை வீழ்த்தியிருக்காது. எனக்கு அந்த அறிக்கையைப் படித்தால் இன்றும் வயிற்றைப் பிசையும்.

இரவுப்பணி_சாங்கி:
அதனால்தான் ஒரே பழுது மூன்றாவது முறை வந்தால் நான் "ரீசெட், டெஸ்ட் ஓகே" என்று எழுதிவிட்டுப் போவதில்லை. பழைய பக்கங்களைப் புரட்டுவேன். விமானம் தாமதமானாலும் சரி.

கேலி_அக்கா:
விமானப் பணிப்பெண்ணாகக் கேபினில் 11 வருஷம் இருந்தவள். தங்கச்சி, அம்மாவுக்கு ஆஸ்துமா என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். முடிந்தால் கடைசியாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், புழுக்கத்தில் உட்காரும் நேரம் குறையும். இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், மேலே பெட்டியில் வேண்டாம். மூச்சு முட்டினால் காத்திருக்காமல் பணியாளரை அழைக்கும் பட்டனை அழுத்துங்கள்.

செங்காங்_மகள்:
நேற்று இரவு வந்து சேர்ந்தோம். அக்கா சொன்னபடி கடைசியாக ஏறினோம். இந்த முறையும் ஏபியு இல்லை. காற்று நின்றதும் அம்மா என்னைப் பார்த்து, "குழாயைக் கழட்டிட்டாங்க, இப்ப எஞ்சினைச் சுத்துவாங்க" என்று பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்.