அப்பா பூசிய கறுப்பை உரிக்கலாமா? ஒரு ஹார்ன்பி சாவி இன்ஜின் பற்றி

செம்பூர்மகள்:
வணக்கம். மும்பையில் பழைய பொம்மை ரயில் சேர்ப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். எங்கள் வீட்டில் ஹார்ன்பி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பொம்மை இன்ஜின் ஒன்று இருக்கிறது. ஓ கேஜ் (பொம்மைத் தண்டவாளத்தின் அகல அளவு), நாலு சக்கரம், சாவி கொடுத்தால் ஓடும் ரகம். 1947 வாக்கில் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் தாத்தா வாங்கியது. அப்பா பள்ளிக்கூடத்தில் படித்தபோது, வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்த கறுப்பு எனாமலை அதன்மேல் பூசி, பக்கத்தில் வெள்ளையில் 'டெக்கான் குயின்' என்று மும்பை-பூனா ரயிலின் பெயரைத் தமிழில் எழுதிவிட்டார். கறுப்பு உரிந்த இடத்தில் அடியில் பச்சை தெரிகிறது.

சாவியைத் திருப்பினால் பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே போகிறது. முன்சக்கரம் ஒன்றில் மெல்லிய விரிசல். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். என் மகனுக்கு இதை ஓட்டிப் பார்க்க ஆசை. முழுசாகப் புதுப்பிக்கலாமா? கறுப்பை எடுத்துவிட்டுப் பழைய பச்சையைக் கொண்டுவர முடியுமா?

பரேல்பிட்டர்:
தாராளமா பண்ணலாம்மா. சாவி சும்மா சுத்துதுன்னா ஸ்பிரிங் முனையில அறுந்திருக்கும், இல்லன்னா கொக்கியில இருந்து நழுவியிருக்கும். ரெண்டும் சரி பண்ணக்கூடியதுதான். பெயிண்ட் வேல அதவிட லேசு. மொத்தமா உரிச்சி, துரு எடுத்து, பிரைமர் குடுத்து, ஸ்பிரே கன்ல பச்ச அடிச்சி, மஞ்சக் கோடு போட்டுட்டா கடையில வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி நிக்கும்.

நான் பரேல் ஒர்க்‌ஷாப்ல ரயில்வே பிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பீஓஹெச்சுக்கு, அதான் காலாகாலத்துக்குப் பண்ற பெரிய ஓவர்ஹாலுக்கு, உள்ள வர்ற இன்ஜின் பெயிண்ட் அடிக்காம வெளிய போகாது. பழைய பெயிண்ட் போச்சேன்னு அங்க ஒருத்தரும் வருத்தப்பட்டதில்ல. இன்ஜின்னா ஓடணும், பாக்க லட்சணமா இருக்கணும்.

தகரமும்வர்ணமும்:
செம்பூர்மகள், தயவுசெய்து உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். தின்னரும் வேண்டாம்.

பிட்டர் சார் சொல்வது பெரிய இன்ஜினுக்குச் சரி. அங்கே பெயிண்ட் என்பது பராமரிப்பு. தேயும், திரும்ப அடிப்பார்கள். ஹார்ன்பியில் இரண்டு வகை உண்டு. நம்பர் ஒன், நம்பர் டூ போன்ற விலை கூடிய இன்ஜின்களுக்கு உடலைச் செய்து முடித்த பிறகு எனாமல் அடித்தார்கள். எம் ஒன் மாதிரி மலிவு ரகங்கள் அச்சுத்தகரம். தட்டையான தகரத் தாளிலேயே பச்சை, கோடு, கைப்பிடி, ஆணித்தலை எல்லாவற்றையும் அச்சடித்து, அதற்குப் பிறகுதான் வெட்டி, அழுத்தி வளைத்து, காதுகளை மடக்கிக் கோர்த்தார்கள். அங்கே படம்தான் பொம்மை. அதை உரித்துவிட்டு எவ்வளவு அழகாக ஸ்பிரே அடித்தாலும் கையில் மிஞ்சுவது இன்ஜின் வடிவத்தில் ஒரு தகர டப்பா.

எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி: டிரைவர் நிற்கும் அறையின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அப்பாவின் கறுப்பு படாத இடமாக இருக்கட்டும். பச்சை விளிம்பைச் சுற்றி மறுபக்கம் வரை வழிந்திருந்தால் எனாமல். வெட்டின விளிம்பு நிறமே இல்லாமல் வெறும் தகரமாக, அல்லது துருக்கோடாக இருந்தால் அச்சு.

டோம்பிவிலிடப்ளோ:
நாலு சக்கரம், பச்சை என்றால் அநேகமாக எம் ஒன்தான். அச்சுத்தகரம் என்றால் என் கருத்து வேறு. உள்ளே இருப்பது 1930-களில் பின்ஸ் ரோடு ஹார்ன்பி தொழிற்சாலையில் செய்த வேலை. லிவர்பூலில் அந்தத் தொழிற்சாலையை 1979-இல் மூடிவிட்டார்கள், இனி அந்த அச்சு எங்கும் வரப்போவதில்லை. அதன்மேல் இருப்பது ஜன்னல் பெயிண்ட். கறுப்பைப் பொறுமையாக எடுத்து அச்சை வெளியே கொண்டுவருவதுதான் புதுப்பித்தல். மட்டன் ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் கடைகளில் மேலே கண்டபடி பெயிண்ட் அடித்த இன்ஜின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இன்னொன்று, அந்தச் சக்கர விரிசலை அலட்சியம் செய்யாதீர்கள். அது மஸாக் வார்ப்பாக இருக்கும். துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்ந்த கலவை. வார்க்கும்போது கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், வருஷங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, கடைசியில் பொடியாக உதிரும். இதற்கு மருந்து கிடையாது. பசை போட்டு ஒட்டியும் பயனில்லை. நம் ஊர் ஈரக்காற்று அதை இன்னும் வேகமாக்கும். ஓட்டினால் ஒருநாள் சக்கரம் தண்டவாளத்திலேயே சிதறும்.

(டெக்கான் குயின் 1930-இல் தொடங்கியதிலிருந்தே மின்சார இன்ஜின் இழுத்த வண்டி. இது நீராவி இன்ஜின் பொம்மை. பையனின் ஆசைக்கு அதெல்லாம் குறுக்கே நிற்கவில்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது.)

செம்பூர்மகள்:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விளிம்பு முழுக்கப் பழுப்பு நிற வெறும் தகரம், பச்சை அங்கே சட்டென்று நின்றுவிடுகிறது. அறைக்குள்ளே கறுப்பு எட்டாத ஒரு மூலையில் மஞ்சள் கோடு, அதன் பக்கத்தில் அதைவிட மெல்லிய கறுப்புக் கோடு, இரண்டும் நூல் பிடித்தது போல. தூரிகையால் இது முடியாது என்று எனக்கே தெரிகிறது. ஆக, அச்சு.

வெளியே அப்பாவின் எழுத்து. 'டெக்கான்' பெரிதாகத் தொடங்கி, இடம் போதாமல் 'குயின்' நெருக்கியடித்து நிற்கிறது. 'ன்' மேலுள்ள புள்ளி புகைபோக்கியின் அடிவரை ஏறியிருக்கிறது.

பரேல்பிட்டர்:
அச்சுன்னா ஸ்பிரே பேச்ச விட்டுருவோம். ஆனா டப்ளோ தம்பி சொல்லுத மாதிரி கறுப்ப உரிக்கது நடக்காது, நடக்கவும் கூடாது. எனாமல கரைக்கிற தின்னர் கீழ இருக்கிற அச்சு மையையும் சேத்துத்தான் கரைக்கும். மேல இருக்கது எது, கீழ இருக்கது எதுன்னு தின்னருக்குத் தெரியாது. பச்ச, மஞ்ச எல்லாம் துணியில வந்துரும். அப்புறம் ரெண்டும் கெட்டான்.

டோம்பிவிலிடப்ளோ:
தின்னர் எதற்கு? லென்ஸ் வைத்து மெல்லிய கத்தியால் துளித்துளியாக எடுக்கலாம். காய்ந்துபோன எனாமல் அச்சின் வழவழப்பில் நன்றாகப் பிடித்திருக்காது, ஏற்கெனவே தானாக உரிகிறதே. அடிப்பக்கத்தில் ஒரு நகம் அளவு இடத்தில் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தகரமும்வர்ணமும்:
முடியுமா என்பது ஒரு கேள்வி. எடுக்க வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. டப்ளோ, நீங்கள் சொல்வது போலக் கத்தியால் எடுக்க முடியும் என்றே வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? கீறல் விழுந்த ஒரு எம் ஒன். உலகத்தில் எம் ஒன் ஏராளமாக இருக்கிறது, லட்சணமாக அச்சு மங்காதது கூட விலைக்குக் கிடைக்கும். தமிழில் 'டெக்கான் குயின்' என்று எழுதின எம் ஒன் இது ஒன்றுதான்.

நினைவுச்சின்னங்களைப் பழுது பார்ப்பதற்கு 1964-இல் வெனிஸ் நகரத்தில் ஒரு சாசனம் எழுதினார்கள். ஒரு கட்டடத்தின்மேல் எல்லாக் காலத்தவரும் சேர்த்ததை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பவரின் வேலை அல்ல என்பது அதில் ஒரு விதி. கோயிலில் நாயக்கர் மண்டபத்தை இடித்துவிட்டுச் சோழர் சுவரைக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் விடுவோமா? இங்கேயும் அதேதான். லிவர்பூல் ஒரு காலம். செம்பூர் வீட்டு ஜன்னல் பெயிண்ட் இன்னொரு காலம்.

டோம்பிவிலிடப்ளோ:
மண்டபம் கட்டினவர்கள் தெரிந்து கட்டினார்கள். இது ஒரு குழந்தை செய்தது. உணர்ச்சி வேறு, பொருளின் தகுதி வேறு. அவர்கள் கேட்டதே பச்சையைக் கொண்டுவர முடியுமா என்றுதானே? கேட்டவருக்குப் பதில் சொல்வோம்.

தகரமும்வர்ணமும்:
குழந்தைக்காகச் செய்த பொருள், குழந்தை கைபட்டது. வேறு யார் கைபட வேண்டும்? பச்சை எங்கேயும் போகாது. கறுப்புக்கு அடியில் வெயில் படாமல் நன்றாகவே இருக்கும். நாளைக்கு அவர் மகனோ பேரனோ எடுக்க நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு எடுத்த கறுப்பை நாளைக்குத் திரும்ப வைக்க முடியாது. எதைச் செய்தால் திரும்பி வர வழி இருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள் என்பதுதான் என் பக்கம்.

கோரேகாவ்நர்ஸ்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கத்தியால் சுரண்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது எதுவானாலும் ஈயத்தை மறக்காதீர்கள். போருக்கு முந்தைய பொம்மைகளின் வர்ணத்தில் ஈயம் சாதாரணம். அப்பா பூசிய எனாமலிலும் இருக்க வாய்ப்பு அதிகம்; நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூள் வீட்டுக்குள் பறக்கக் கூடாது, குழந்தை இருக்கும் அறையில் இந்த வேலையே கூடாது. மகனுக்கு என்ன வயசு? வாயில் வைக்கிற வயசு என்றால் கையில் கொடுக்காதீர்கள். பெரியவன் என்றால் விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

செம்பூர்மகள்:
பத்து வயசு, மேடம். கழுவச் சொல்கிறேன். உரிந்து நிற்கிற செதில்களை என்ன செய்வது? தொட்டாலே விழுந்துவிடும் போலிருக்கிறது.

தகரமும்வர்ணமும்:
மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம், துரு ஏறும். பிறகு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை, அருங்காட்சியகங்களில் உலோகத்துக்குப் போடுவது அதுதான், மெல்லிசாகப் பூசுங்கள். செதில்களை அது ஓரளவு பிடித்து வைக்கும், ஈரக்காற்றையும் தடுக்கும். வேண்டாமென்றால் பிறகு எடுத்துவிடலாம். துரு எடுக்கிற ஆசிட் எதுவும் பக்கத்தில்கூட வரக் கூடாது, அச்சு வெளுத்துவிடும். மழைக்காலத்தில் மூடின டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள்.

பரேல்பிட்டர்:
மெழுகு சரி. ஆனா உரிஞ்ச இடத்துல கறுப்புல ஒரு டச்சப் குடுத்தா என்ன குறஞ்சி போவும்? அவங்க அப்பா செஞ்ச வேலைதான, அத முழுசா நிக்க வைக்கதுல என்ன தப்பு?

ஓடற பொருள ஓட விடணும்ங்கறதுதான் என் கட்சி. 1855-ல செஞ்ச ஃபேரி குவீன 1997-ல திரும்ப ஓட விட்டாங்க. அடுத்த வருசமே வழக்கமா ஓடற உலகத்துலயே பழைய நீராவி இன்ஜின்னு கின்னஸ்ல ஏறிச்சி. ஷெட்ல மெழுகு பூசி வச்சிருந்தா ஏறியிருக்குமா?

தகரமும்வர்ணமும்:
ஓடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. இயந்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சரி செய்யுங்கள். ஸ்பிரிங், பற்சக்கரம், அச்சாணி எல்லாம் தேய்வதற்கென்றே செய்தவை. தோலைத் தொடாதீர்கள் என்கிறேன். டச்சப் அடித்தால் எது பையன் பூசியது, எது நாம் பூசியது என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது.

பரேல்பிட்டர்:
டச்சப் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். அது கிடக்கட்டும், ஸ்பிரிங் வேலைக்கு வருவோம். அம்மா, இத நீங்களா திறக்காதீங்க. உள்ள ஸ்பிரிங் பாதி முறுக்குல நின்னிருந்தா விரல அறுத்துரும். முதல்ல சாவியக் கெட்டியா புடிச்சிக்கிட்டு, நாய்க்கட்டைய (சாவி பின்னால சுத்தாம தடுக்கிற துண்டு) லேசா தூக்கி, கையில இழுவ உணர்ந்து உணர்ந்து முறுக்க முழுசா இறக்கணும். மேல ஒரு கனத்த துணி போத்திக்கிடணும்.

உடம்பு காது மடக்கிக் கோத்ததுங்கறதால அத நிமித்தாம முடிஞ்சவரைக்கும் அடிவழியாவே வேல பாக்கணும். அந்தக் காத ஒருக்கா நிமித்தலாம். மடக்கி மறுபடி நிமித்தினா அறுந்துரும். வெள்ளப் பெட்ரோல்ல பிரஷ் வச்சி பழைய எண்ணெய்ப் பிசின எடுத்தா பாதிக் கோளாறு அதுலயே போயிரும். ஸ்பிரிங் முனை அறுந்திருந்தா புதுசு தேட வேண்டாம். முனைய மட்டும் தீயில சிவக்க விட்டு ஆறப்போட்டு, மிருதுவானப்புறம் புது ஓட்ட போட்டு வளச்சிரலாம். மிச்ச சுருளுக்கு ஈரத்துணி சுத்தி வைக்கணும், சூடு ஏறினா விறைப்பு போயிரும். ஒரு சுத்து குறையும், ஓட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடைசியா தையல் மெஷின் எண்ணெய் அச்சாணிக்கு ஒரு ஒரு சொட்டு. ஸ்பிரே எண்ணெய் அடிக்காதீங்க, அது பறந்து போய் பெயிண்ட்ல உக்காரும்.

டோம்பிவிலிடப்ளோ:
ஸ்பிரிங் பற்றிப் பிட்டர் சார் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. சக்கரத்துக்கு: இங்கிலாந்தில் மாற்று வார்ப்புகள் செய்து விற்கிறார்கள். இங்கேயே வேண்டுமென்றால் குர்லாவில் சின்ன லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கலாம். ஒரு சக்கரம் மட்டும் மாற்றினால் வண்டி கோணும், நாலையும் மாற்றுங்கள். பழைய சக்கரங்களை ஒரு பாக்கெட்டில் போட்டு இன்ஜினோடு வையுங்கள். அந்த அரிப்பு ஒட்டுவாரொட்டி அல்ல, பயப்பட வேண்டாம்.

கறுப்பைப் பற்றி என் கருத்து மாறவில்லை. அடிப்பக்கத்தில் நகம் அளவு சோதனையாவது செய்து பாருங்கள் என்றே சொல்வேன்.

செம்பூர்மகள்:
எல்லாருக்கும் நன்றி. உரிக்கப்போவதில்லை. மகனிடம் இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினேன். 'தாத்தா பேர் வைச்ச வண்டிதானே, அழிச்சா அது வேற வண்டி' என்றான். பிட்டர் அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால் இயந்திரத்தை மட்டும் பார்ப்பீர்களா? நானும் மகனும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறோம்.

பரேல்பிட்டர்:
கொண்டு வாங்கம்மா. முலுண்டுல இறங்கினதும் தனிச்செய்தி போடுங்க. ஓ கேஜ் தண்டவாளம் என்கிட்ட வட்டத்துக்கு இருக்கு. நாக்தேவி ஸ்ட்ரீட்ல சின்ன ஸ்பேனர் செட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்துருதேன். கறுப்பு டப்பாவும் பிரஷும் மேசையில இருக்கும், வேணும்னா சொல்லுங்க.

தகரமும்வர்ணமும்:
அந்த டப்பாவை அலமாரியிலேயே வையுங்கள், சார். திறப்பதற்கு முன்னால் ஆறு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.