கல்யாணம் எழுதேலாது, அப்ப வீட்டையும் காசையும் எப்பிடிப் பாதுகாக்கிறது? (ரெண்டு பொம்பிளையள், வெள்ளவத்தை)

மரைன்டிரைவ்_மழை:

எல்லாருக்கும் வணக்கம். ஐடி புதுசு, ஏன் எண்டு வாசிக்க விளங்கும். நானும் என்ட துணையும், ரெண்டு பேரும் பொம்பிளையள், வெள்ளவத்தையில ஒரு வாடகை ஃபிளட்டில கன காலமா ஒண்டா இருக்கிறம். அக்கம்பக்கத்துக்கு நாங்க ஒண்டுவிட்ட அக்கா தங்கச்சி, வீடு எடுக்கேக்க அப்பிடிச் சொன்னது, அதுவே நிண்டிட்டுது. மேல் மாடி அன்ரி ரெண்டு பேருக்கும் மாப்பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறா, அது வேற கதை.

போன மாசம் அவவுக்கு இரவோட இரவா வயித்துக்குத்து, அப்பென்டிக்ஸ் எண்டு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினன். ஃபோர்ம்ல உறவுமுறை எண்ட இடத்தில சிஸ்டர் எண்டு எழுதினன். கவுண்டர்ல இருந்த பிள்ளை ரெண்டு பேர்ட ஐசியையும் (அடையாள அட்டை) பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்திட்டு, அப்பாட பேர் வேற வேறயா இருக்கே எண்டுது. கசின் எண்டன். அப்ப அம்மா அப்பா சொந்தச் சகோதரம் ஆராவது வரேலாதா, ஒப்பரேஷனுக்கு சைன் வேணுமே எண்டு திருப்பித் திருப்பிக் கேக்குது. கடைசியில இவவே நோவோட எழும்பி இருந்து சேலைன் ஏத்தின கையால சைன் வச்சா, எழுத்து கோணல்மாணலாப் போய் ரெண்டாந்தரம் வைக்கச் சொன்னாங்க. நினைவில்லாமக் கிடந்திருந்தா என்ன செய்திருப்பன்? அவட அண்ணா யாழ்ப்பாணத்தில, இவவோட கதைக்கிறதே இல்ல, ஆனா பேப்பர்ல அவர்தான் உரிமைக்காரர்.

இப்ப சொந்தமா ஒரு ஃபிளட் வாங்கப் போறம், காசு ரெண்டு பேரும் போடுறம். வீட்டு உறுதியில (பத்திரத்தில) ரெண்டு பேரும் இருந்தாக் காணுமா? நான் போய்ச் சேந்தா என்ட பங்கு அவவுக்குப் போகுமா? டொரன்டோவில இருக்கிற மச்சாள் இஞ்ச வந்து கல்யாணம் எழுதுங்கோ எண்டுறா, அந்த சேர்டிபிகேட் கொழும்பில செல்லுமா? 2023ல இப்பிடி ஒண்டா இருக்கிறது குற்றம் எண்ட சட்டம் மாறப் போகுது எண்டு பெரிய கதை வந்துது, அது எங்க போச்சு?

புதுக்கடை_காகம்:

தங்கச்சி, நான் லோயர்தான், எண்டாலும் இதை வாசிச்சிட்டு ஒரு நல்ல நொத்தாரிசிட்ட கட்டாயம் போங்கோ.

முதல் கனடா கதைய முடிப்பம். கனடாவில எழுதினாலும் சரி தாய்லாந்தில எழுதினாலும் சரி (அங்க 2025 ஜனவரி 23ல இருந்து எழுதலாம்), கட்டுநாயக்கா எயார்போர்ட்டில இறங்கினதும் சட்டத்தின்ட கண்ணுக்கு நீங்க ரெண்டு தனி ஆக்கள். இங்க பொதுக் கல்யாணச் சட்டம் 1907ம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், கண்டியருக்கு வேற, முஸ்லிம்களுக்கு வேற, ஒண்டிலயும் உங்களுக்கு இடமில்ல.

உறுதி விஷயம்தான் கன பேர் பிழைவிடுற இடம். ரெண்டு பேர் பேரிலயும் எழுதினா ஒருத்தர் போனதும் முழு வீடும் மத்தவருக்கு வந்திடும் எண்டு நினைக்கிறாங்க. வராது. ஆளுக்கு அரைப் பங்கு, போனவர்ட அரை அவர்ட உரித்தாளிக்கு. லாஸ்ட் வில் இல்லாட்டி உரித்தாளி எண்டா பெத்தவை, பிறகு சகோதரங்கள். அதாவது அந்த அண்ணாவும் நீங்களும் ஒரே ஃபிளட்டுக்குப் பங்காளிகள், அவர் நினைச்சா பங்கு பிரிக்க வழக்குப் போட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டு போகலாம். அதால உறுதி எழுதுற அதே நாள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு லாஸ்ட் வில் எழுதுங்கோ. நொத்தாரிசு முன்னால ரெண்டு சாட்சி, நொத்தாரிசு இல்லாட்டி அஞ்சு சாட்சி. காசைப் பாக்காம நொத்தாரிசிட்டயே எழுதுங்கோ, அஞ்சு பேரைப் பிறகு கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறது லேசில்ல. இந்த நாட்டில தன்ட சொத்தை விரும்பின ஆளுக்கு எழுதலாம், ஏன் எண்டு ஆரும் கேக்கேலாது, நொத்தாரிசுக்கும் உங்கட கதை சொல்லத் தேவையில்ல. ஆனா வாய் தவறியும் "என்ட தங்கச்சி" எண்டு எழுத விட வேணாம். முழுப் பேரும் ஐசி நம்பரும் போதும். பொய்யான உறவு எழுதினா நாளைக்கு வில்லை உடைக்க வாறவனுக்கு நீங்களே சுத்தியலை எடுத்துக் குடுத்த மாதிரி. ஒருத்தர் எழுதுற வில்லில மத்தவர் சாட்சியா நிக்கவும் வேணாம்.

ஈபிஎஃப் எண்டா ஊழியர் சேமலாப நிதி. அதுக்கும் பாங்க் கணக்குக்கும் நாமினி போட்டு வையுங்கோ. ஆராவது அரசாங்க வேலை எண்டா விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் மட்டும் துணைக்கு வராது, அதுக்கு வழியே இல்ல. ஆஸ்பத்திரிக்கும் நேரான வழி இல்ல. பவர் ஒஃப் அட்டர்னி சொத்து காசு விஷயத்துக்குத்தான் உதவும், ஆள் செத்ததும் அதுவும் செத்திடும். "அவசரத்துக்கு இவவைத்தான் கூப்பிடோணும்" எண்டு எழுதி சைன் வச்ச கடிதம் ஒண்டை பைக்குள்ள வச்சிருங்கோ, சட்டப்படி கட்டாயப்படுத்தாது, ஆனா வெறுங்கையோட நிக்கிறதை விட எவ்வளவோ மேல்.

கல்யாணம் இல்லாததில ஒரே ஒரு லாபம் சொல்லட்டா? தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழற்ற வழக்கச் சட்டம்) உட்பட்ட கல்யாணம் கட்டின பொம்பிளை தன்ட காணிய விக்க புருஷன்ட சம்மதம் வேணும். உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்ல.

கொட்டாஞ்சேனைக்காரன்:

நான் தப்பா எதுவும் சொல்லல, ஆனா இதெல்லாம் எதுக்கு பெருசா பேசணும். ரெண்டு பேரும் சத்தம் போடாம வீட்டுக்குள்ள இருந்தா யார் வந்து கேக்கப்போறாங்க? போலீஸ் வீடு வீடா வந்து புடிக்குதா? நம்ம கலாசாரத்துக்கு கல்யாணம்னு கேட்டா கோயில், பன்சல (பௌத்த விகாரை), சர்ச், பள்ளி எல்லாம் ஒண்ணா எதிர்த்து நிக்கும், இருக்குற நிம்மதியும் போயிடும்.

நீலக்குடை:

கொட்டாஞ்சேனை அண்ணே, அவங்க சத்தமே போடல, ஃபிளட் வாங்க வழி கேக்கறாங்க. வீட்டுக்குள்ள இருந்தா யார் கேப்பாங்கன்னு சொல்றீங்க, நான் சொல்றேன் யார் கேப்பாங்கன்னு. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன், ஆப்ல பழகின ஆள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிட்டு மாசாமாசம் காசு கேட்டான், இவன் செயினை அடகு வச்சு குடுத்தான். போலீஸுக்குப் போன்னு சொன்னா, "போய் என்னன்னு சொல்றது, முதல்ல என்னையல்லவா உள்ள போடுவாங்க"ன்னான். தண்டனைச் சட்டக்கோவை 1883ல வந்தது, அதுல இயற்கைக்கு மாறான உறவுன்னு சொல்ற 365ம் பிரிவுக்கு பத்து வருஷம் வரைக்கும், மோசமான அநாகரிகச் செயல்னு சொல்ற 365ஏக்கு ரெண்டு வருஷம் வரைக்கும். பிடிக்கிறாங்களோ இல்லையோ, அந்தப் பக்கம் புத்தகத்துல இருக்கிற வரைக்கும் மிரட்டறவன் கையில ஆயுதம் இருக்கு. வெள்ளைக்காரன் எழுதினப்போ 365ஏ ஆம்பளைங்களுக்கு மட்டும்தான், 1995ல நம்ம பாராளுமன்றமே திருத்தி பொம்பளைங்களையும் சேத்துச்சு. இதுல கலாசாரம் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

மழை அக்கா, 2023 கதை கேட்டீங்க. பிரேம்நாத் தொலவத்த எம்பி தனிநபர் சட்டமூலமா கொண்டு வந்தார், இந்த ரெண்டு பிரிவையும் மாத்தி வயசு வந்தவங்க சம்மதத்தோட இருந்தா குற்றமில்லைன்னு ஆக்க. எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க, அரசியலமைப்புக்கு முரண் இல்ல, சாதாரணப் பெரும்பான்மையே போதும்னு தீர்ப்பு, மே மாசம் சபாநாயகர் வாசிச்சார். நாங்க கேக்கெல்லாம் வெட்டினோம். அப்புறம் அது வாக்கெடுப்புக்கே வரல, 2024 செப்டம்பர்ல பாராளுமன்றம் கலைஞ்சதோட அதுவும் போச்சு.

இந்தியால 2018ல கோர்ட்டே இதே மாதிரியான 377ம் பிரிவை ஒதுக்கிச்சே, இங்க ஏன் முடியாதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. நம்ம அரசியலமைப்பு 16ம் உறுப்புரை, அடிப்படை உரிமைக்கு முரணா இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும்னு சொல்லுது, அது போக ஒரு தடவை நிறைவேத்தின சட்டத்தை அப்புறம் கோர்ட்ல போட்டு அடிக்கவும் விடாது. 2016லயே உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட செய்யறதை குற்றமாக்கறதுக்கு இந்தக் காலத்துல காரணம் இல்லங்கற மாதிரி எழுதிச்சு, ஆனா குற்றவாளிங்கற தீர்ப்பை மாத்த முடியல, சிறைத் தண்டனையை மட்டும் ஒத்திவச்சாங்க. அதனால பாராளுமன்றம்தான் கதவு, அங்க வாக்களிக்கறவங்கள்ல பாதிக்கு மேல கை உயரணும், கல்யாணம் அதுக்கும் அடுத்த கதவு. இந்தியாவையே பாருங்க, 2018ல குற்றமில்லன்னாங்க, 2023 அக்டோபர்ல கல்யாண உரிமை கேட்டப்போ அது பாராளுமன்றத்தோட வேலைன்னு கைய விரிச்சிட்டாங்க. ஆனா 2025 மே மாசம் மெட்ராஸ் ஐகோர்ட் குடும்பம் அமைக்க கல்யாணம் மட்டும்தான் வழின்னு இல்லன்னு சொல்லி, வீட்ல அடைச்சு வச்ச பொண்ணை அவ துணையோட அனுப்பி வச்சது. எனக்கு கல்யாண மேடையை விட அந்த மாதிரி ஒரு தீர்ப்புதான் இப்ப வேணும்.

ஸ்காபரோ_தம்பி:

அக்கா, மச்சாள் சொன்னது அரைவாசி சரி. ஒன்டாரியோவில 2003ல இருந்து, நாடு முழுக்க 2005ல இருந்து எழுதலாம், இஞ்சத்தை ஆளா இருக்கவும் தேவையில்லை. ஆனா விசிட் விசா கிடைக்க வேணுமே, அதோட ரெண்டு பேரில ஒராள் எண்டாலும் சிட்டிசனோ பிஆரோ (நிரந்தர வதிவிடம் உள்ள ஆள்) இல்லாட்டி அந்தக் கல்யாணத்தால ஸ்பொன்சர் பண்ண வழியில்லை, ஃபோட்டோ மட்டும்தான் மிச்சம். பின்னுக்கு ஒராள் படிப்பு வேலையில பிஆருக்குப் போடுறதெண்டா கல்யாணம் எழுதாமலே மத்தாளை கொமன்லோ துணையா காட்டலாம், ஒரு வருசம் விடாமல் ஒண்டா இருந்ததுக்கு ஆதாரம் கேப்பினம். வாடகை அக்ரிமென்ட், ஜொயின்ட் அக்கவுன்ட், கரண்ட் பில் எல்லாத்தையும் எறியாமல் வையுங்கோ. ஒண்டு, இனிமேல் எந்த அரசாங்கப் பேப்பரிலயும் சகோதரி எண்டு எழுதாதேங்கோ, இஞ்சத்தை ஒபிசர் கையில அது வந்தா நீங்கள் விளக்கி முடியாது.

மரைன்டிரைவ்_மழை:

எல்லாருக்கும் பெரிய நன்றி, அவவும் பக்கத்தில இருந்து வாசிச்சவ. காகம் அண்ணா, ஒரு டவுட். இவட சொந்த அண்ணா கதைக்காட்டியும் வீட்டில இவவுக்கு கல்யாணப் பேச்சு நிக்கேல்ல. ஆளையே மறிச்சு வச்சு எழுத்து எழுத வச்சா இந்த வில் என்ன ஆகும்?

புதுக்கடை_காகம்:

நல்ல கேள்வி, சொல்ல மறந்திட்டன். கல்யாணம் எழுதினா அதுக்கு முந்தி எழுதின வில் தானாவே ரத்தாகும், புதுசா எழுதோணும். அதால வில்லை மட்டும் நம்பாம, ரெண்டு பேரும் போடுற காசு பாங்க் ஊடா போற மாதிரிப் பாத்து உறுதியிலயும் ரெண்டு பேர்ட பேரையும் கட்டாயம் போடுங்கோ. பிறகு, சம்மதம் இல்லாத எழுத்து செல்லாது, பதிவாளர் முன்னால விருப்பமில்ல எண்டு சொன்னா அவர் எழுதக் கூடாது. ஆனா அந்த இடத்தில தனிய நிண்டு வாய் திறக்கிறது லேசில்ல எண்டும் எனக்குத் தெரியும், ஊருக்குப் போற நேரம் ஐசியும் பாஸ்போர்ட்டும் கொழும்பில உங்கட கையில இருக்கட்டும், ஒரு கொப்பிய அவ கொண்டு போகட்டும்.