பினார்டில் 88, டாப்ளரில் 144: எது குழந்தையுடையது?

செவிலி_மூன்றாமாண்டு:
32 வாரம், இரண்டாவது பிரசவம், தலை கீழே. தொப்புளுக்குக் கீழே இடதுபக்கம் பினார்டு (குழந்தையின் இதயத்துடிப்பைக் காதால் கேட்கும் குழல்) வைத்தால் 'உஸ் உஸ்' என்று ஊதுகிற சத்தம்தான் வருகிறது, நிமிடத்துக்கு 88. டாப்ளரில் (துடிப்பை ஒலியலையால் கண்டு எண்ணாகக் காட்டும் கருவி) 144. எதை எழுத வேண்டும்?

லேபர்வார்டு:
88 தாயுடையது. கர்ப்பப்பை ரத்தக்குழாயின் இரைச்சல் அது. குழந்தையின் துடிப்பு ஊதாது. தலையணைக்கு அடியில் வைத்த கைக்கடிகாரம் மாதிரி மங்கலாக 'டிக்டிக்' என்று கேட்கும். ஊதல் சத்தமே 140 வேகத்தில் வந்தால் அது தொப்புள்கொடியின் இரைச்சல்.

கேட்கும்போதே தாயின் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து போனால் இடத்தை மாற்றுங்கள். டாப்ளருக்கும் இது பொருந்தும். காய்ச்சல்காரத் தாயின் நாடியே 120 தாண்டும். திரையில் அது நல்ல எண்ணாகத்தான் தெரியும்!

துணைமையம்:
முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா? துடிப்பு முதுகு வழியாகத்தான் தெளிவாகக் கேட்கும். பலகை போல வழவழப்பாக இருப்பது முதுகு, முண்டு முண்டாகத் தட்டுப்படுவது கை கால். தலை கீழே இருந்தால் முதுகுப் பக்கத்தில், தொப்புளுக்கும் இடுப்பெலும்பின் முன்முனைக்கும் நடுவில் வையுங்கள். பிட்டம் கீழே இருந்தால் தொப்புள் மட்டத்தில் அல்லது அதற்கு மேலே. முதுகு பின்னால் திரும்பியிருந்தால் பக்கவாட்டில் நன்றாக ஒதுங்கித் தேட வேண்டும்.

பினார்டின் அகன்ற வாய் வயிற்றில், தட்டை முனை காதில். செங்குத்தாக நிறுத்தி, பிடித்த கையை எடுத்துவிடுங்கள். தலையின் அழுத்தத்திலேயே நிற்கட்டும். விரல் பட்டால் உரசல்தான் கேட்கும். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். முதலில் தாயைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலே கணக்கில் நாலு தவறும்.

செவிலி_மூன்றாமாண்டு:
முதுகு வலதுபக்கம்தான், நான்தான் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். ஸ்கேனில் நஞ்சு (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பையின் முன்சுவரில் என்றும் இருக்கிறது. இன்னொன்று, குழந்தைத் துடிப்பின் குறைந்தபட்ச அளவு 110ஆ, 120ஆ?

லேபர்வார்டு:
முன்சுவர் நஞ்சு என்றால் இரைச்சல் கூடும், துடிப்பு மங்கும். நஞ்சின் ஓரத்தைத் தாண்டி வையுங்கள். நம் அரசுப் பயிற்சிக் கையேட்டில் 120–160. ஃபிகோ (பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு) 2015இல் 110–160. பதிவேட்டுக்கு உங்கள் மையத்தின் அளவே போதும். குறைவாக வந்தால் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து மறுபடி எண்ணுங்கள்; மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தநாளத்தை அழுத்தும். அப்போதும் ஏறவில்லையென்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பிரசவ வலியில் கணக்கே வேறு. வலி விட்டதும் ஒரு நிமிடம் எண்ண வேண்டும்: முதல் கட்டத்தில் 15–30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை.

துணைமையம்:
ஒன்று விட்டுப்போச்சு. "அசைவு குறைஞ்சிருக்கு" என்று வரும் தாயை, டாப்ளரில் 140 கேட்டுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கும் அந்த எண் வரும். அன்றைக்கே என்எஸ்டி (குழந்தையின் துடிப்பைச் சிறிது நேரம் தொடர்ந்து பதிவுசெய்யும் சோதனை) எடுக்க அனுப்புங்கள்.