கினி பிக் காலையிலிருந்து எதுவும் தின்னலை, புழுக்கையும் குறைஞ்சு போச்சு: பெங்களூரு, அவசரம்

ஹலசூரு_கூண்டு:
வணக்கம். ஆண் கினி பிக், ரெண்டரை வயசு. வழக்கமான எடை 910 கிராம், இன்னைக்குக் காலையில 845. நேத்து சாயங்காலம் வெள்ளரிக்காய் தின்னுச்சு. இன்னைக்குக் குடைமிளகாயை வாய்கிட்ட கொண்டுபோனாலும் முகர்ந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. ராத்திரி முழுக்கப் பத்துப் பன்னிரண்டு புழுக்கைதான். அதுவும் சின்னதா, காய்ஞ்சு, ஒரு முனை கூரா இருக்கு. முடி சிலிர்த்து, முதுகைக் கூனி மூலையில உட்கார்ந்திருக்கு. கூட இருக்கிற இன்னொண்ணு நல்லா இருக்கு. சாப்பாடு பெரும்பாலும் பெல்லட் (கடையில விக்கிற தீவன உருண்டை), காய்கறி. திமோதிங்கிற காய்ஞ்ச புல் கொஞ்சம். வாங்கின கடையில அமாக்ஸிசிலின் சிரப் ரெண்டு சொட்டு கொடுக்கச் சொல்றாங்க, இன்னும் கொடுக்கலை. பக்கத்து டாக்டர் நாய், பூனை மட்டும்தான் பாக்கிறார். இப்போ என்ன செய்யட்டும்?

வாலில்லாதவை:
முதல்ல அந்தச் சிரப்பை எடுத்து உள்ளே வைங்க. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின், இதுல எதையும் கினி பிக் வாயில ஊத்தக் கூடாது. அதோட குடல்ல புல்லைச் செரிக்க வைக்கிற நல்ல கிருமிகள் செத்துப்போய், கிளாஸ்ட்ரிடியம்ங்கிற கெட்ட கிருமி பெருகி விஷம் கக்கும். கழிச்சல் ஆரம்பிச்சு சில நாள்ல உயிர் போயிடும். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டா என்ரோஃப்ளாக்ஸசின், ட்ரைமெத்தோபிரிம்-சல்ஃபா மாதிரி இருக்கு. அதையும் டாக்டர்தான் எடை பாத்து முடிவு பண்ணணும்.

ரெண்டாவது, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தா தாங்கும். இதுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். 12 மணி நேரம் எதுவும் உள்ளே போகலைன்னாலே குடல் மந்தமாகி வாயு கட்டும், வாயு வலிக்கும், வலியால இன்னும் தின்னாது. 24 மணி தாண்டினா கல்லீரல்ல கொழுப்பு சேர ஆரம்பிக்கும். இன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். அதுவரை வீட்டில இந்த வரிசையில பாருங்க, வரிசை முக்கியம்.

வயிறு: மடியில வச்சு ரெண்டு பக்கமும் மெதுவா விரலால அழுத்துங்க. பிசைஞ்ச மாவு மாதிரி மெத்துன்னு இருக்கணும். ஊதி, இறுகி, சுண்டினா கொட்டு மாதிரி சத்தம் வந்தா கையால எதையும் ஊட்டாதீங்க, நேரா கிளம்புங்க. இரைப்பை முறுக்கிக்கிட்டிருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். அந்த நிலையில உணவைத் திணிச்சாலோ, குடலை ஓட்டுற மருந்து கொடுத்தாலோ ஆபத்து.

சூடு: காதும் பாதமும் ஜில்லுன்னு இருக்கா? உடம்புச் சூடு 37.2லிருந்து 39.5 டிகிரி வரைக்கும் இருக்கணும். ஜில்லுன்னு இருந்தா ஊட்டுறதுக்கு முன்னாடி சூடேத்துங்க. பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, துண்டு சுத்தி, பெட்டியில ஒரு ஓரமா மட்டும் வைங்க. சூடு அதிகமாத் தெரிஞ்சா தானே நகர்ந்துக்க இடம் வேணும்.

வாய், மூக்கு: தாடை ஈரமா? உணவை எடுத்துட்டுக் கீழே போடுதா? மூச்சு விடும்போது கரகரப்பு, மூக்குல சளி? மூத்திரம் போகும்போது கீச்சிடுதா, ரத்தம் தெரியுதா? பசி போறது நோய் இல்லை, வேற ஏதோ ஒண்ணோட அடையாளம். அதைக் கண்டுபிடிச்சாத்தான் தீரும். பாத்துட்டு உடனே எழுதுங்க.

ஜெயநகர்_பறவை:
கிரைப் வாட்டர் அரை மி.லி. கொடுத்துப் பாருங்களேன், வாயு இறங்கும்.

வாலில்லாதவை:
வேண்டாம் நண்பரே. பல கிரைப் வாட்டர்ல சர்க்கரை சேர்ந்திருக்கும். அது இந்தக் குடல்ல புளிச்சு வாயுவைக் கூட்டும். வாயுவுக்குக் கொடுக்கிற சிமெத்திகோன் மட்டும் உள்ள சொட்டு மருந்தால பெரிய கெடுதல் இல்லை, ஆனா அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடக் கூடாது.

ஹலசூரு_கூண்டு:
வயிறு மெத்துன்னுதான் இருக்கு. காது கொஞ்சம் ஜில். மூக்கு சுத்தம், மூத்திரத்துல சிவப்பு இல்லை. தாடைக்குக் கீழே முடி ஈரமா ஒட்டியிருக்கு, இப்போதான் கவனிச்சேன். ஒரு புல்லை வாயில எடுத்துச்சு, தலையை ஆட்டிட்டுத் துப்பிடுச்சு.

வாலில்லாதவை:
அப்போ பல்லாத்தான் இருக்கும். முன்பல் நேரா இருந்தாலும் நம்பாதீங்க, சிக்கல் உள்ளே கடைவாயில. மொத்தம் 20 பல், எல்லாமே ஆயுசு முழுக்க வளரும். புல்லை அரைச்சு அரைச்சுத் தேயலைன்னா கீழ்க் கடைவாய்ப் பல் நாக்குப் பக்கம் சாஞ்சு, நாக்குக்கு மேலே பாலம் மாதிரி மூடிக்கும். நாக்கை அசைக்க முடியாம, பசி இருந்தும் விழுங்க முடியாது.

டாக்டருக்குப் போன் பண்ணும்போது மூணு கேள்வி கேளுங்க: கினி பிக் வழக்கமா பாக்கிறீங்களா, கடைவாய்ப் பல்லைப் பாக்கக் கருவி இருக்கா, மயக்கம் கொடுக்க ஐசோஃப்ளூரேன் வாயு இருக்கா. மூணுக்கும் ஆமான்னு சொல்ற இடத்துக்கு, தூரமா இருந்தாலும் போங்க. ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கும் போன் பண்ணி, சின்னப் பிராணி பாக்கிறவர் இன்னைக்கு இருக்காரான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. துணையையும் அதே பெட்டியில கொண்டுபோங்க. பிரிச்சா ரெண்டுமே மிரளும். ஆட்டோவில போனா பெட்டி மேலே துணி போடுங்க.

மல்லேஸ்வரம்_முயல்கள்:
கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேளை ஊட்டிடலாம், வயிறு மெத்துன்னு இருக்கிறதால. அது தினமும் தின்கிற பெல்லட்டையே ரெண்டு டேபிள்ஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணியில ஊற வைங்க. பத்து நிமிஷத்துல உப்பிடும். நல்லா மசிச்சு வடிகட்டுங்க, கஞ்சியைவிடக் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும். நோயில இருக்கிற புல் தின்னிகளுக்குன்னே விக்கிற கிரிட்டிக்கல் கேர் பவுடர் கிடைச்சா அது இன்னும் நல்லது. செரலாக், பால், தயிர் வேண்டவே வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில 1 மி.லி. சிரிஞ்ச், ஊசி கழற்றக்கூடியது, நாலஞ்சு வாங்குங்க. முனை சிறுசா இருக்கிறதால அடைச்சுக்கும். முனையை வெட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு வழவழப்பாக்குங்க. துண்டில சுத்தி, நாலு காலும் கீழே ஊன்றியிருக்கிற மாதிரி உட்கார வைங்க, மல்லாத்தாதீங்க. முன்பல்லுக்குப் பின்னாடி பக்கவாட்டுல ஒரு இடைவெளி இருக்கும், அங்கே சிரிஞ்சை நுழைச்சு 0.2 அல்லது 0.3 மி.லி. மட்டும் தள்ளுங்க. மென்னு விழுங்கினதைப் பாத்த பிறகு அடுத்தது. நேரா தொண்டையில அடிச்சா நுரையீரலுக்குப் போயிடும், அதைச் சரிசெய்றது ரொம்பக் கஷ்டம்.

அளவு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50லிருந்து 80 மி.லி. உங்க பிள்ளைக்குச் சுமார் 42லிருந்து 67. அஞ்சாறு வேளையாப் பிரிங்க. முதல் வேளை 4 மி.லி. போதும், அதுக்கப்புறம் புழுக்கை வருதான்னு பாத்துக் கூட்டுங்க.

வைட்டமின் சி-யை மறந்துடாதீங்க. நம்மள மாதிரியே கினி பிக்குக்கும் அதைத் தானா உண்டாக்கத் தெரியாது. நோயில இருக்கும்போது கிலோவுக்கு 30லிருந்து 50 மி.கி. தேவை. சர்க்கரை இல்லாத 500 மி.கி. மாத்திரையைப் பொடிச்சு 10 மி.லி. தண்ணியில கலந்தா ஒரு மி.லி.யில 50 மி.கி. இருக்கும். உங்களுக்கு அதுல முக்கால் மி.லி. கலந்த உடனே கொடுங்க, மிச்சத்தைக் கொட்டிடுங்க. வச்சா வீரியம் போயிடும். இதே காரணத்தாலதான் குடிக்கிற தண்ணியில சி கலக்கிறது வீண். மல்டிவைட்டமின் சொட்டு வேண்டாம், அதுல ஏ-யும் டி-யும் மிஞ்சிடும்.

ஹலசூரு_கூண்டு:
டாக்டர் கிடைச்சார். நீங்க சொன்னபடியே கீழ்க் கடைவாய்ப் பல் ரெண்டு பக்கமும் நாக்கு மேலே சாஞ்சிருக்காம். நாளைக்குக் காலை மயக்கம் கொடுத்துத் தேய்க்கிறாங்க. வலிக்கு மெலாக்ஸிகாம் போட்டிருக்கார். வரவேற்புல இருந்தவங்க ராத்திரி பத்து மணியிலிருந்து எதுவும் கொடுக்காதீங்கன்னு சொன்னாங்க. சரியா?

மல்லேஸ்வரம்_முயல்கள்:
அது நாய், பூனைக்கான விதி. கினி பிக்கால வாந்தி எடுக்க முடியாது, அதனால ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டா கெடுதல்தான். வாயில உணவு தங்காம இருக்க மயக்கத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி நிறுத்தினா போதும். எவ்வளவு நேரம்னு டாக்டரையே போன்ல கேளுங்க, வரவேற்புல கேட்கிறதோட விடாதீங்க. குழைச்ச உணவையும் சிரிஞ்சையும் கையோட கொண்டுபோங்க, நல்லா விழிச்சு நிமிர்ந்து உட்கார்ந்ததும் ஊட்ட ஆரம்பிக்கலாம்.

ஹலசூரு_கூண்டு:
தேய்ச்சாச்சு. புழுக்கை வர ஆரம்பிச்சிருக்கு, ஆனா தானா தின்னலை, ஊட்டுறோம். எடை 832. எப்போ தானா தின்னும்? திமோதி விலை அதிகமா இருக்கே, உள்ளூர்ல மாற்று ஏதாவது?

வாலில்லாதவை:
ரெண்டு மூணு நாள் ஆகலாம், சிலதுக்கு ஒரு வாரமும் ஆகும். தாடைத் தசை வலிக்கும். மெலாக்ஸிகாமை டாக்டர் சொன்ன நாள் வரை நிறுத்தாதீங்க. கொத்தமல்லித் தண்டு, குடைமிளகாய் எல்லாத்தையும் தீப்பெட்டிக் குச்சி அளவுக்குக் கீறி வைங்க. தினமும் ஒரே நேரத்துல சமையல் தராசுல நிறுத்து எழுதுங்க. எடை ஏற ஏற ஊட்டுறதைக் குறைங்க, ஒரேயடியா நிறுத்திடாதீங்க.

புல்தான் இதுல உயிர்நாடி. பாதிக்கு மேல பெல்லட்டா இருந்தா பல் திரும்பவும் சாயும். பெல்லட் ஒரு நாளைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போதும், மிச்சம் புல். காந்தி பஜார், மல்லேஸ்வரம் பூக்கடைகள்ல பிள்ளையாருக்கு விக்கிற அருகம்புல் நல்ல மாற்று. இங்கே கன்னடத்துல கரிகேன்னு கேட்டா தருவாங்க. நல்லா அலசி, ஈரம் போக உலர்த்தி, முதல் நாள் ஒரு பிடியில ஆரம்பிச்சு ஒரு வாரத்துல கூட்டுங்க. சாலையோரம், பூங்காவுல அறுத்த புல் வேண்டாம். மருந்து தெளிச்சிருப்பாங்க, நாய் மூத்திரமும் இருக்கும். வைக்கோல்ல சத்து இல்லை. குதிரை மசால்ல (லூசர்ன் தீவனம்) கால்சியம் அதிகம், வளர்ந்த ஆணுக்கு மூத்திரக் கல் வரும். பாலக்கீரையையும் அதனாலயே அடிக்கடி போடாதீங்க.

இந்தப் பல் சாய்வு பலதுக்குத் திரும்ப வரும். அடுத்த பரிசோதனைத் தேதியை இப்போவே டாக்டர்கிட்ட வாங்கி வைங்க. எடை ஏறின பிறகு வாரம் ஒருமுறை நிறுங்க. ஒரு வாரத்துல 50 கிராம் குறைஞ்சாலோ, தாடை ஈரமானாலோ, அந்தத் தேதிக்குக் காத்திருக்காம அன்னைக்கே காட்டுங்க.