உள்ளூர் 10 கிலோமீட்டர் ஓட்டம்: ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க முடியுமா?

கோட்டையூர்க்காரி:
வணக்கம். காரைக்குடியில் வரும் ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று வைக்கிறார்கள். பெரிய கம்பெனி எதுவும் இல்லை, உள்ளூர்ச் சங்கம்தான் நடத்துகிறது. கட்டணம் 300 ரூபாய், டிசர்ட்டும் மெடலும் உண்டாம். எனக்கு வயது 43. காலையில் பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் ஓடுகிறேன், 6 கிலோமீட்டருக்கு 50 நிமிடம் ஆகும், அதற்கு மேல் ஓடிப் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் நின்று பார்க்கிற ஊரில், எல்லோரும் போன பிறகு நான் மட்டும் தனியாக ஓடி வருவதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பெயர் கொடுக்கலாமா? வேறு என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பின்வரிசை:
தாராளமாகக் கொடுங்கள் அக்கா. கிலோமீட்டருக்கு 9 நிமிடம் என்றால் சரியாக ஒன்றரை மணி நேரம், நீங்கள் இப்போதே எட்டரைக்குள்தான் ஓடுகிறீர்கள். சிக்கல் வேகத்தில் இல்லை, ஏழாவது கிலோமீட்டருக்கு அப்புறம்தான் இருக்கிறது. ஜனவரிக்கு இன்னும் நாள் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டி 9 வரை கொண்டுபோங்கள், மற்ற நாள்களில் இப்போது ஓடுவதே போதும்.

அன்றைக்கு முதல் வரிசையில் மட்டும் நிற்காதீர்கள். நம் ஊர் ஓட்டங்களில் முன்னால் நிற்பது போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பதால் தினமும் மைதானத்தில் கிடப்பவர்கள், சிலர் செருப்புகூட இல்லாமல் ஓடிப் பரிசை அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், விசில் அடித்ததும் 100 மீட்டர் பந்தயம் மாதிரிப் பாய்ந்துவிட்டு அடுத்த தெருமுனையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து இழுபட்டால் முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு போய்விடும். கடைசியில் நின்று, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் கிளம்புங்கள். கொஞ்ச நேரத்தில் நீங்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவீர்கள்.

மணல்மேட்டான்:
முடியாவிட்டால் நடுவில் நடக்கலாம் என்று யாராவது சொல்லுவதற்கு முன் என் கருத்து: நடந்தால் அது ஓட்டமே இல்லை. 10 கிலோமீட்டரை நிற்காமல் ஓட முடிந்த பிறகு பெயர் கொடுங்கள், அடுத்த வருடமும் நடக்கத்தான் போகிறது.

பின்வரிசை:
மணல்மேட்டான் அண்ணே, இதில் நான் உடன்பட மாட்டேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் அமெரிக்க அணியில் 10,000 மீட்டருக்குத் தேர்வான ஜெஃப் கேலோவே என்பவரே, இடையிடையே நடந்து ஓடும் முறையைத்தான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பெயர் வாங்கினார். களைத்த பிறகு நடப்பதில் பயனில்லை, முதலிலிருந்தே கணக்காக நடக்க வேண்டும். அக்கா கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற வேகத்தில் 4 நிமிடம் ஓடி, 1 நிமிடம் விறுவிறுவென்று நடந்து, இப்படியே மாற்றி மாற்றிப் போனால் மொத்தம் சுமார் 85 நிமிடத்தில் வந்துவிடலாம். நிற்காமல் ஓடி எட்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவதைவிட இது மேல்.

அளவுநாடா:
நேரம் பற்றி இரண்டு விஷயம். நெஞ்சில் குத்தும் எண் அட்டையில் நேரம் பதியும் சிப் இருந்தால் நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் கணக்கு தொடங்கும். சிப் இல்லை என்றால் விசில் அடித்த நொடியிலிருந்து எல்லோருக்கும் ஒரே கடிகாரம். 300 ரூபாய் கட்டணத்துக்குச் சிப் இருக்குமா என்பது சந்தேகம்தான், கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் நின்று கிளம்பினால் அரை நிமிடம் போகும், அவ்வளவுதான்.

அடுத்தது தூரம். முறையாக அளக்கிறவர்கள், சக்கரத்தில் எண்ணும் கருவி மாட்டிய சைக்கிளில் வளைவின் உள் ஓரத்தை ஒட்டியே போய் அளப்பார்கள், தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். நாம் பள்ளத்துக்கும் மாட்டுக்கும் விலகி ஓடுவதால், சரியாக அளந்த பாதையிலும் கை வாட்ச் 10.1, 10.2 என்று காட்டும். உள்ளூரில் பெரும்பாலும் பைக் மீட்டரிலோ போன் மேப்பிலோ பார்த்துவிட்டு 10 என்று போடுகிறார்கள். நான் ஓடிய ஓர் ஊரில் பத்து என்றது ஒன்பதரைகூட இல்லை, எல்லோரும் தங்கள் வாழ்நாள் சாதனை என்று ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டார்கள். அதனால் வாட்சை நம்பி கடைசி 500 மீட்டருக்கு வேகம் எடுக்காதீர்கள், முடியும் இடத்தில் வைத்திருக்கும் அலங்கார வளைவு கண்ணுக்குத் தெரிந்த பிறகு எடுங்கள்.

தேரடி ஜெயா:
சகோதரி, ஆண்கள் யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். தொடங்கும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா, அது திறந்திருக்குமா என்று முன்னாலேயே கேளுங்கள். பள்ளி மைதானத்தில் தொடங்கினாலும் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருப்பார். அவர்கள் தரும் டிசர்ட்டை அன்றைக்கே போட்டு ஓடாதீர்கள், புதுத்துணி தோள்பட்டையிலும் கையிடுக்கிலும் உராய்ந்து எரியும். உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள். சுடிதார், டிராக் பேண்ட் எது பழக்கமோ அதுவே. நான்கு ஊக்கு கையோடு எடுத்துப் போங்கள், எண் அட்டை தருவார்கள், குத்த ஊக்கு தர மாட்டார்கள்.

அப்புறம் 5.30 என்று போட்டிருந்தால் 5.30க்குத் தொடங்கும் என்று நினைக்காதீர்கள். சிறப்பு விருந்தினர் வந்து, சால்வை போட்டு, பேசி, கொடி அசைக்க ஆறே கால் ஆகும். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் என்றாலும் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறவருக்குக் கடைசிப் பாதி வெயிலில்தான். அதனால் போனதும் வார்ம் அப் செய்து களைக்காதீர்கள், விருந்தினர் கார் வந்ததும் ஆரம்பித்தால் போதும்! இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ வீட்டிலேயே சாப்பிடுங்கள், இன்னொரு பழம் பையில் இருக்கட்டும். தண்ணீர் வைத்த இடத்திலெல்லாம் பாட்டில் பாட்டிலாகக் குடிக்க வேண்டாம், தாகத்துக்கு இரண்டு மிடறு போதும். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும். முடித்த பிறகு உப்புப் போட்ட மோர்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். பெரும்பாலும் அதற்கும் ஆர்வம் போய்விடும்.

அளவுநாடா:
ஒன்றரை மணி நேரம் என்பது போலீஸ் அனுமதிக்காகப் போடுவது. அதற்கு மேல் போனால் தடுப்பை எடுத்துவிட்டு பஸ்ஸை விட்டுவிடுவார்கள், நீங்கள் ஓரமாக வந்து முடிக்கலாம், மெடல் கொடுப்பார்கள். ஆனால் திருப்பத்தில் வழி காட்டுகிற ஆள் அதற்குள் டீ குடிக்கப் போயிருப்பார், பாதையை முந்தின நாளே வண்டியில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

கோட்டையூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். சிப் இல்லையாம். பள்ளியில் கழிப்பறை இருக்கிறதாம், திறந்து வைக்கச் சொல்கிறேன் என்றார், ஜெயா அக்கா சொன்னதால் வாட்ச்மேனுக்கும் சொல்லிவிடுங்கள் என்று சேர்த்துச் சொன்னேன், சிரித்தார். பெண்கள் இதுவரை பன்னிரண்டு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். பணம் கட்டிவிட்டேன். மணல்மேட்டான் அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, 4 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடக்கத்தான் போகிறேன்.

மணல்மேட்டான்:
கோபம் எதற்கு? பணம் கட்டிய பிறகு ஓடித்தானே ஆக வேண்டும். பை வைக்க இடம் உண்டா என்று கேட்டீர்களா? இல்லாவிட்டால் வண்டிச் சாவியை எங்கே வைப்பது என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள், கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் பாதி வழியில் எரிச்சலாக வரும்.